என் விலகல் கடிதத்தின் வினைச்சொற்கள்

ஆங்கிலத்தில் வினைச்சொல் தனியாக வெளியே போவது அபூர்வம். ஷல், வில், மே, மைட், ஹேவ், ஹேட் என்று துணைவினை யாராவது ஒருவர் முன்னால் நடக்க, அது பின்னால் அடக்கமாக வரும். இந்த ஒரு காரணத்தினாலேயே அந்த மொழி எனக்கு முதலிலிருந்தே பழகிய இடமாகப் பட்டது. எங்கள் வீட்டுப் பெண்களும் அப்படித்தான் தெருவில் இறங்குவார்கள்.

நான் அந்தக் காலத்து இரண்டு வருஷ பி.ஏ.வில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, என் படிப்பை நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டுக் கல்லூரிக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம் திருத்தத்துக்காக என்னிடமே வந்தது. கொடுத்தவர் அப்பா. அதில் கொடுமை எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் எந்த ஆங்கிலக் கடிதமும் என் பார்வைக்கு வராமல் போகக் கூடாது என்பது ஒழுங்கு. ஒழுங்குக்கு விதிவிலக்குக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை.

அப்பா ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. எங்கள் சொந்த ஊரான எழுமலையில் நிலத்தில் இறங்கி வேலை செய்த குடும்பத்திலிருந்து முதல்முதலாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அவர்தான். அந்த மேசையை அவர் ஒருநாளும் அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்ததில்லை. ஆரப்பாளையத்து வீட்டிலும் கடிதம் எழுதுவதென்றால் முழுத்தாளை நெடுக்கில் இரண்டாக மடிப்பார். வலது பாதியில் டிராப்ட், அதாவது வரைவு. இடது பாதி, திருத்துகிறவர் குறிப்பு எழுதுவதற்கான ஓரம். போர்க்காலத்தில் காகிதம் அரிசியைவிட அருமையாக இருந்தபோதும் அந்த இடது பாதி காலியாகவே விடப்பட்டது. ஓரத்தில் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்திலேயே பதில் எழுத வேண்டும். பதில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தாலும் பேர் காப்பி, அதாவது சுத்தப் பிரதி, எடுக்கக் கூடாது. இந்த முறையில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டார். வீட்டாருக்கு மட்டும் வேறொரு முறை எதற்கு?

ஒருமுறை, சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்த சுவர்க்கடிகாரம் நின்றுபோயிற்று. கடைக்குப் புகார் எழுதும் வேலை பதினொரு நாள் நடந்தது. ஒன்பதாம் நாள், எங்களில் யாரும் தொடாமலே, கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் ‘ஹேஸ் ஸ்டாப்ட்’ என்றிருந்ததை ‘ஹேட் ஸ்டாப்ட்’ என்று மாற்றிக் கொடுத்தேன்: நின்றிருக்கிறது என்பது நின்றிருந்தது என்றாயிற்று. கடிதம் போயிற்று. கடைக்காரர்கள் மகிழ்ச்சி தெரிவித்துப் பதில் எழுதினார்கள்.

நான் இலக்கிய வகுப்பில் சேர்ந்த வாரமே அப்பா எனக்கொரு சிவப்புப் பென்சில் வாங்கி வந்தார். அலுவலகத்துப் பென்சில் அல்ல, கடையில் வாங்கியது என்பதை இரண்டு முறை சொன்னார். காலமும் துணைவினையும் என் பொறுப்பு. மற்றவை அவர் பொறுப்பு. நான் அதை ரசித்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து எவரிடமும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாத எனக்கு, பென்சிலைக் கையில் எடுத்தால் மட்டும் ஒரு துணிச்சல் வரும். துணைவினைகளை அவரவர் அந்தஸ்துப்படி மனதுக்குள் உட்காரவைத்திருந்தேன். ‘மஸ்ட்’ பெரிய துரை. அவரை மனுவில் எழுதினால் மனு குப்பைக்குப் போகும். ‘ஷுட்’ கொஞ்சம் கீழே, ஆனால் மீசை உள்ளவர். ‘மே’ கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பவர். ‘மைட்’ வாசலுக்கே வராமல் எதிர்ச்சாரியில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பவர்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுமலையிலிருந்து பெரியப்பா வந்தார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரியில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். வேட்டி வெள்ளையாகக் கிளம்பியிருக்கும். எங்கள் வாசலுக்கு வரும்போது அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரு மூட்டை நிலக்கடலையும் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகமும் கொண்டுவந்திருந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். என்னைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் அடுத்த அறையில்தான் இருப்பேன். யாரும் விதித்ததில்லை, எல்லோருக்கும் வசதி.

“பையன் ரயில்வேயில குமாஸ்தா. ஊருல கெணத்துப் பாசனம். இதுக்கு மேல உனக்கு என்ன வேணும் தம்பி?” என்றார் பெரியப்பா.

“பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்குதேண்ணே.”

“அதத்தான் சொல்ல வாரேன். நிப்பாட்டு. மாப்ள எஸ்.எஸ்.எல்.சி.யோட நின்னவன். இது இப்பவே அவனத் தாண்டி ரெண்டு எட்டு முன்னாடி போயிருச்சு. இன்னும் அம்புட்டுத் தூரம் போச்சுன்னா அவன் எப்ப வந்து பிடிக்கிறது?”

“இதென்ன ஓட்டப் பந்தயமா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். யாரிடமும் கேட்டதாக இல்லாததால் யாரும் பதில் சொல்லவில்லை.

“மாப்ள வீட்டுல பிரியப்படல. காலேஜுக்கு எழுத்துல குடுத்துரு. வாயால சொன்னா பேச்ச மாத்திருவாக” என்று பெரியப்பா முடித்தார். அப்பா தம் அண்ணனின் சொல்லைத் தட்டாதவர். சரி என்றார். கடலை வறுக்கப்பட்டது. நான் அடுத்த அறையில் இருந்தபடியே படிப்பை இழந்துகொண்டிருந்தேன். வாசனை நன்றாக இருந்தது.

மறுநாள் காலை டிராப்ட் என் மேசைக்கு வந்தது. நான்கே வாக்கியங்கள், கடைசியில் ஒரு கோரிக்கை. என் மகள் தங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மணமகன் வீட்டார் அவள் மேற்கொண்டு படிப்பதை விரும்பவில்லை. அவளும் படிப்பை விட மனமுவந்து சம்மதித்திருக்கிறாள். ஆகவே விடுவிக்கக் கோருகிறேன். ஆங்கிலத்தில் அது இன்னும் நாகரிகமாக இருந்தது. தூக்குத் தண்டனையைக்கூட அந்த நடையில் எழுதிப் படித்தால், கேட்கிறவர் நன்றி சொல்லிவிடுவார்.

அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். நான் முதல் வாக்கியத்தில் பென்சிலை வைத்தேன்.

“அப்பா, ‘வாஸ் ஸ்டடியிங்’னு இருக்கு. நான் இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கும் பத்து மணிக்கு வகுப்பு இருக்கு.”

“கடுதாசி போய்ச் சேர்றப்ப நின்னுருப்பேல்ல?”

“இது நிக்க அனுமதி கேக்குற கடுதாசிப்பா. அனுமதி வர்றதுக்கு முன்னாடி எப்படி நிக்கிறது?”

அப்பா தலைப்பாகையின் முனையை வாயில் கவ்வியபடி யோசித்தார். “நியாயந்தான். ‘இஸ் ஸ்டடியிங்’ போடு” என்றார். இறந்தகாலத்திலிருந்து நான் நிகழ்காலத்துக்கு வந்து, அன்று கல்லூரிக்கும் போய்வந்தேன்.

இரண்டாவது வாக்கியம் மறுநாள். ‘ஹேஸ் பீன் செட்டில்ட்’ என்று எழுதியிருந்தார்; முடிந்தேவிட்டது என்று பொருள். ஓரத்தில் நான் எழுதியது ஒரே கேள்வி: எந்தத் தேதியில்?

“தேதி எங்க இருக்கு? பேச்சுத்தான் நடக்குது” என்றார் அப்பா.

“பேச்சு நடந்தா ‘மே பி’. ஜாதகம் பொருந்தியிருந்தா ‘இஸ் லைக்லி டு பி’. நாள் குறிச்சாச்சுன்னா ‘இஸ் டு பி’. எல்லாம் முடிஞ்சாத்தான் ‘ஹேஸ் பீன்’. இதுல நாம எதுல இருக்கோம்?”

இந்த இடத்தில் வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் பென்சிலைப் பிடுங்கி எறிந்திருப்பார். என் அப்பா எழுமலைக்கு ஒரு கார்டு போட்டார். ஆறு நாளில் பதில் வந்தது. ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம். பெண் பார்க்கத் தை மாதம் வருவார்கள். இதையெல்லாம் ஏன் கார்டில் கேட்கிறாய், உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பெரியப்பா எழுதியிருந்தார். அப்பா அந்தக் கார்டை வீட்டுக் கோப்பில் நூலால் கோத்துவைத்துவிட்டு ‘இஸ் லைக்லி’ என்று தம் கையால் திருத்தினார்.

நான் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் கேள்வியை இலக்கணத்துக்காகக் கேட்டேன். இரண்டாவதைப் பாதி இலக்கணத்துக்காக. மூன்றாவதைக் கேட்கும்போது அரையாண்டுப் பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. ஒரு கார்டு போய்வர எத்தனை நாள் ஆகும் என்பது எனக்கு இப்போது துல்லியமாகத் தெரிந்திருந்தது. மணமகன் வீட்டார் ‘விரும்பவில்லை’ என்பதன் எதிரில் எழுதினேன்: சொன்னார்களா? யார், யாரிடம்?

அப்பா அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேள்வி முறைப்படி கேட்கப்பட்டிருந்தது. அதனால் கார்டும் முறைப்படி போயிற்று. பதிலில் பெரியப்பாவின் எழுத்துகள் முன்பைவிடப் பெரியதாக இருந்தன. “அவர்கள் இன்னும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? இன்னொரு கார்டு போடாதே. நானே வாரேன்.”

அந்தக் கார்டை அப்பா வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ‘விரும்பவில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘மே ஆப்ஜெக்ட்’ என்று எழுதினார். ஆட்சேபிக்கலாம். அவர் எழுத்து எப்போதும் நேராக நிற்கும். அன்று அந்த ‘மே’ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

நான்காவது வாக்கியம் மிச்சம். ‘ஷி ஹெர்செல்ப் இஸ் வில்லிங்.’ அவளுக்கே சம்மதம். இந்த வாக்கியத்தில் காலம் சரியாக இருந்தது. துணைவினையும் சரியாக இருந்தது. என் பொறுப்பில் உள்ளவை இரண்டும் சரியாக இருந்தால் நான் கையை எடுத்துவிட வேண்டும் என்பதே எங்கள் ஏற்பாடு. இரண்டு நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நான்கடி தூரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார், காபி குடித்தார், செருப்புக்கு வார் தைத்தார். எனக்குச் சம்மதமில்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சு எனக்கு வரவில்லை. கடைசியில், அவர் குளிக்கப் போன சமயம், ஓரத்தில் அவருடைய அலுவலக ஆங்கிலத்திலேயே எழுதினேன்: இதற்குக் கோப்பில் ஆதாரம் காணப்படவில்லை.

குளித்து வந்து படித்தார். பேனாவை எடுத்து என் குறிப்புக்குக் கீழே மூன்று சொல் எழுதி இன்ஷியல் போட்டார். ‘மே பி பிரிசூம்ட்.’ அவ்வாறே இருப்பதாகக் கொள்ளலாம்.

நான் ‘மே’யைக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பவராக எண்ணியிருந்தேன். அவர் உள்ளே வந்து என் நாற்காலியிலேயே உட்காருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

எல்லாக் கேள்விகளுக்கும் பதில் ஆகிவிட்டது. சுத்தப் பிரதி எடுக்க வேண்டியதுதான். எடுத்ததும் நான்தான், ஏனென்றால் வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது. ஒரு மசிப்பொட்டு இல்லை, ஓர் அடித்தல் இல்லை, வரிகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன. என் படிப்பைப் பிழையில்லாமல் முடித்துவைத்தேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலை பெரியப்பா முதல் கரி பஸ்ஸில் வந்திறங்கினார். தபாலை நம்பாமல் தாமே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, “மேசை மேல இருக்குண்ணே, எடுத்துக் குடுத்துருங்க” என்று அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். நானும் கடைசி நாளாக இருக்கக்கூடும் என்று கல்லூரிக்குப் போய்விட்டேன். மேசையில் கண்ணாடிக் குண்டின் கீழே இரண்டு தாள் இருந்தன: நான் எழுதிய சுத்தப் பிரதி ஒன்று, சிவப்புக் குறிப்புகளும் அடித்தல்களும் இன்ஷியல்களுமாக ஓரம் நிறைந்து வழிந்த டிராப்ட் ஒன்று. வீட்டில் மிச்சம் இருந்த இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அங்கே நடந்ததை அன்று மாலை அம்மா எனக்குச் சொன்னாள்.

“ரெண்டு இருக்கே, இதுல எது?” என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

பெரியப்பா இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறார். வாய்க்கால் வழக்கொன்றுக்காக ஒன்பது வருஷம் அலுவலகப் படி ஏறியவர் அவர். காகிதங்களின் தராதரம் அவருக்குத் தெரியும்.

“இந்தா, இது வெறுந்தாளு. நம்ம கையில இருந்து போற மனு இப்பிடித்தான் முழிச்சுக்கிட்டு இருக்கும். உள்ள போயி நாலு ஆபீசர் கை பட்டு, ஓரமெல்லாம் செவப்புல எழுதி, கோணக் கையெழுத்து விழுந்து வெளிய வந்தாத்தான் அதுக்கு உசுரு. எனக்கு வாய்க்கா கெடச்சதே இப்பிடி ஒரு தாளுலதான். தம்பி வீட்டுலயே எல்லாத்தையும் முடிச்சு வச்சிருக்கான் பாரு, கெட்டிக்காரன்.”

டிராப்டை நான்காக மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு, சுத்தப் பிரதியை மறுபடி கண்ணாடிக் குண்டின் கீழே பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது பெரியப்பா மிகுந்த திருப்தியோடு கடலை உடைத்துக்கொண்டிருந்தார். “வாங்கிட்டாக. ஹெட் கிளார்க்கு நல்ல மனுசன். நின்னுக்கிட்டே அம்புட்டையும் படிச்சாரு. உன்னைய நாளைக்கு நேர்ல வரச் சொல்லிச் சீட்டுக் குடுத்திருக்காரு. மருவாதி தெரிஞ்சவரு” என்றார்.

அப்பா சிரித்தபடி கோட்டைக் கழற்றி மாட்டினார். மேசைப் பக்கம் திரும்பினார். சுத்தப் பிரதி அங்கே இருந்தது.

அவர் முகம் அப்படி வெளுத்ததை நான் அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், என் தம்பி கிணற்றுச் சுவரில் ஏறி நின்றபோது. “டிராப்ட் வெளிய போயிருச்சு” என்றார். “என் இன்ஷியலோட வெளிய போயிருச்சு.”

“இதென்னங்க, பொண்ணா ஓடிப்போச்சு? காகிதந்தான?” என்றாள் அம்மா.

அவர் அன்று சாப்பிடவில்லை. பெரியப்பாவுக்கு இன்னும் தப்பு எங்கே என்று புரியவில்லை. “ஓரத்துல எழுதாத தாளையா குடுத்திருக்கணும்? நல்லா இருக்கே கதை” என்று அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். அப்பா அரை நாள் விடுப்புப் போட்டிருந்தார். கோட்டுப் பையில் சுத்தப் பிரதி. பெரியப்பா, தாம் கொடுத்த தாள்தான் சரி என்று நிரூபிக்கக் கூடவே வந்தார். நான் இரண்டடி பின்னால்.

கல்லூரி அலுவலகத்தின் ஹெட் கிளார்க் ஏதோ அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று அங்கே வந்திருந்தவர். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அப்பா கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பை நீவி, எழுத்து அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி மேசையில் வைத்ததைப் பார்த்ததுமே, தம்முடைய குமாஸ்தா ஜாதி ஆள்தான் என்று அவர் கண்டுகொண்டதாகத் தோன்றியது.

“இதைத்தான் வச்சுக்கணும் சார். நேத்து வந்தது தவறுதலா வந்துருச்சு” என்றார் அப்பா.

“தெரியுது சார். யார் வீட்டிலயும் நடக்கிறதுதான்.” யார் வீட்டிலும் நடக்காது என்பது அந்தக் குரலில் இருந்தது. சுத்தப் பிரதியைப் படித்தார். “ரொம்ப சுத்தமா இருக்கு. யார் கை?”

“பொண்ணோட கை.”

“நல்ல கை” என்றார் என்னைப் பார்க்காமலே. பிறகு டிராயரைத் திறந்து எங்கள் டிராப்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். “ஆனா நான் இதைப் படிச்சுட்டேனே சார். படிச்சதைப் படிக்கலைன்னு வைக்க முடியாது. இதோ, ஓரத்துல ஒரு ரிமார்க் நிக்குது. சம்மதத்துக்கு ஆதாரம் இல்லைன்னு.”

“கீழ பதில் எழுதியிருக்கேன்.”

“‘மே பி பிரிசூம்ட்’.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சார், நாம ரெண்டு பேரும் சர்வீஸ் பார்த்தவங்க. ஒருத்தர் செத்துட்டார்னு பிரிசூம் பண்ணணும்னாக்கூட, அவர் காணாமப் போயி ஏழு வருஷமாவது ஆகியிருக்கணும். பொண்ணு உங்களுக்குப் பின்னாடி ரெண்டடியில நிக்குது. கேட்டு, பதிலை எழுதி, இன்ஷியல் போட்டுக் குடுங்க. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, எனக்கு ஒண்ணுதான். பதில் இல்லாம உள்ள வைக்க முடியாது.”

அவருக்கு என்மேல் இரக்கம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய மேசையில் ஒரு கேள்வி திறந்து கிடந்தது. அதை மூட வேண்டும், அவ்வளவுதான்.

“பிள்ளைகிட்டப் போயி என்னத்தக் கேக்குறது?” என்றார் பெரியப்பா.

அப்பா திரும்பினார். என் பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்: ‘ஷல்’லா ‘வில்’லா, ‘ஹேஸ்’ஸா ‘ஹேட்’டா, காபியில் சர்க்கரை போட்டாயிற்றா. இப்போது கேட்டது அவருக்கே வாய்க்குப் பழகாததாக இருந்தது.

“உனக்குச் சம்மதமா?”

கையில் பென்சில் இல்லை. மேசை அவர்களுடையது. மூன்று ஆண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு அடுத்த அறைகூட இல்லை, தாழ்வாரம்தான் இருந்தது.

“இல்லப்பா” என்றேன்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, எழுதணும்” என்றார் ஹெட் கிளார்க்.

“சம்மதம் இல்லை. நான் பி.ஏ. முடிக்கணும்.”

“எப்ப இருந்து இது இப்பிடிப் பேசுது?” என்று பெரியப்பா அப்பாவைக் கேட்டார்.

அப்பா மேசைப் பக்கம் திரும்பினார். ஹெட் கிளார்க்கின் பேனாவை வாங்கி, தாம் எழுதியிருந்த மூன்று சொற்களையும் ஒரே கோட்டில் அடித்தார். அதன் கீழே, கேட்கப்பட்டது, சம்மதமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, இன்ஷியலும் தேதியும் போட்டார். பதில் ஆகிவிட்டது. ஹெட் கிளார்க் தலையசைத்தார்.

“அதுக்கென்ன, அந்த ஒரு வரிய மட்டும் வெட்டிட்டுக் குடுத்துரு” என்றார் பெரியப்பா.

அது சாத்தியம்தான். முறைப்படியும் சரிதான், சம்மதம் இல்லாவிட்டால் சம்மதத்தைப் பற்றி எழுதாமல் விடலாம். அப்பா அதை யோசிப்பதை நான் பார்த்தேன். பேனா முனை நான்காவது வாக்கியத்தின் தலையில் வந்து நின்றது. இத்தனை நாள் ஓரத்தில் கிறுக்கி, கடைசியில் வாயையும் திறந்து, அதுவும் ஒரு கோட்டில் போய்விடுமானால் இனி என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

“வெட்டலாம்ணே” என்றார் அப்பா மெதுவாக. முதல் வாக்கியத்திலிருந்து விரலை வைத்துத் தமிழில் படித்துக்கொண்டே வந்தார். “பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்கா. இது நெசம். கல்யாணம் நடக்கலாம். மாப்ள வீட்டுல வேணாம்னு சொல்லலாம்.” விரல் நின்றது. “இதுல நடந்தது எதுண்ணே? எல்லாம் நடக்கலாம், நடக்கலாம்னுதான் இருக்கு. ஒரே ஒரு ஆளு வாயத் தொறந்து சொன்னதுன்னா அது இப்ப இவ சொன்னதுதான். அதை வெட்டிட்டு மத்ததை எப்படி நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது?”

“அப்ப நான் மெனக்கெட்டு வந்ததெல்லாம்?”

“பஸ்ஸு கரிதான் மிச்சம்ணே.”

அப்பா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். ஹெட் கிளார்க், விண்ணப்பம் இல்லாதபோது அலுவலகத்தில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை என்று இரண்டு தாள்களையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த காகிதத்தை எடுத்தார். எங்களை மறுபடி நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாழ்வாரத்தில் வகுப்பு மணி அடித்து முடிந்திருந்தது. பெரியப்பா முன்னால் கோபமாக நடந்தார். அப்பா நின்று, நான் வரும்வரை காத்திருந்து, பக்கத்தில் நடந்தார்.

“பி.ஏ. எப்ப முடியும்?” என்று கேட்டார்.

அலுவலகத்தில் யார் எந்த மாதம் ஓய்வுபெறுவார் என்று ஒவ்வொருவராகச் சொல்லக்கூடியவர் அவர். இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இதுவரை தேவை வரவில்லை.

“வர்ற மார்ச் இல்லப்பா, அதுக்கு அடுத்த மார்ச்.”

“சரி. வகுப்புக்குப் போ. நேரமாச்சு” என்றார். வாசலில் பெரியப்பாவைப் பிடித்து அவர் சொன்னது எனக்குக் கேட்டது: “அதுக்கு அடுத்த மார்ச்சுக்குப் பெறகு வந்து பாக்கச் சொல்லுங்கண்ணே.”

“அதுவரைக்கும் அவுக காத்துக் கெடப்பாகளா?”

“கெடந்தாக் கெடக்கட்டும். இல்லாட்டிப் போகட்டும்.”

அவர்கள் காத்துக் கிடக்கவில்லை. தை மாதமே அந்த ரயில்வே குமாஸ்தாவுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. பெரியப்பா போய்வந்தார். அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாதவர், அதற்குப் பிறகு கடலை மூட்டையோடு வந்து, பந்தியில் தமக்கு மூன்றாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது என்றும், ஆனால் பாயசத்தில் குறை சொல்வதற்கில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அரையாண்டுப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் நான் வகுப்பில் நான்காவதாக வந்தேன். முதலாவதாக வந்திருக்க வேண்டியது. ஒரு துணைவினையைத் தப்பாகப் போட்டிருந்தேன்: ‘மே’ வர வேண்டிய இடத்தில் ‘மஸ்ட்’.